வெட்டித் தூக்கி வைத்த கூரை

நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் முதன்முதலாகப் புடலங்காயைக் கண்டபோது கேட்ட கேள்வி இதுதான்: “உதுக்கு ஏன் கல்லுக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறியள்? அது என்ன குற்றம் செய்தது?”

காய் வளையாமல் நேராக நீளட்டும் என்று அம்மா ஒவ்வொரு பிஞ்சின் நுனியிலும் நூலால் ஒரு சிறு கல்லைக் கட்டியிருந்தார். யாழ்ப்பாணத்தில் அதை யாரும் நின்று பார்க்கமாட்டார்கள். ரொறன்ரோவில், பாதர்ஸ்ட் வீதிக்குப் பக்கத்துத் தெருவில், யூதர் ஒருவரின் பின்வளவில் அது பெரிய அதிசயம். நான் காரணத்தைச் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “என்ரை அம்மாவும் என்னை உப்பிடித்தான் வளர்த்தவ. கல்லு மட்டும் ஆருக்கும் தெரியேல்லை” என்றார்.

அவர் பேசியது முழுக்க ஆங்கிலம். ஆனால் அவர் சொல்வதை எல்லாம் அம்மாவுக்கு உடனுக்குடன் தமிழில் சொல்லிச் சொல்லி, அவருடைய குரலே எங்கள் வீட்டுத் தமிழாக என் காதில் தங்கிவிட்டது. அப்படியே எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அந்த வீட்டின் பேஸ்மென்றில், நிலத்துக்குக் கீழ்த் தளத்தில், நாங்கள் மூன்று பேர் வாடகைக்கு இருந்தோம். அம்மா பிஸ்கட் கொம்பனியில் பொதி கட்டினார். அப்பாவுக்கு இரவு வேலை, ஆகவே இந்தக் கதையில் அவர் பெரும்பாலும் நித்திரை. நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். உயிரியல் படிக்கப் போனவள் வானியலும் எடுத்தேன், சமயங்களின் வரலாறும் எடுத்தேன். எந்தப் புத்தகத்தையும் பாதி வாசித்தவுடனேயே மீதியை நானே ஆட்களுக்கு விளக்கத் தொடங்கிவிடுவேன். மேல்வீட்டில் வீட்டுக்காரர் தனியாக இருந்தார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். நாங்கள் அவரை அங்கிள் என்று கூப்பிட்டோம்.

அங்கிளின் பக்தி எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று, ஏனென்றால் அது எந்தப் புத்தகத்துக்குள்ளும் அடங்கவில்லை. “கடவுளை நம்பிறீங்களோ எண்டு என்னைக் கேளாதை பிள்ளை. கேட்டால் சண்டை வரும். ஆனால் வேறை ஆரும் வந்து கடவுள் இல்லை எண்டாலும் எனக்குக் கோவம் வரும்” என்பார். வெள்ளிக்கிழமை பொழுதுபடும்போது மெழுகுதிரி ஏற்றுவார், மனைவி ஏற்றியதால். எங்கள் வீட்டிலும் வெள்ளி என்றால் மரக்கறிதான், குளியல்தான், விளக்குத்தான். மேலேயும் கீழேயும் ஒரே நேரத்தில் தீப்பெட்டி தேடுகிற வீடு அது. “என்னட்டை ஒண்டு, உங்களிட்டை ஒண்டு. மேலை இருக்கிறவருக்கு ரெண்டும் ஒரே வெளிச்சமாத்தான் தெரியும்” என்று ஒருநாள் படியில் நின்று சொன்னார். பிறகு, “இதை என்ரை மகளுக்குச் சொல்லிப்போடாதை” என்றார்.

மகள்தான் அவருடைய பெருமை. கவலையும் அவர்தான். பெரிய படிப்புப் படித்து, பிறகு சமயத்தில் மிகவும் உறுதியான ஒருவரைக் கலியாணம் செய்து, தானும் அப்படியே ஆகிவிட்டவர். நான் அவரை மனசுக்குள் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். அக்காவின் வீட்டில் எல்லாமே கோஷர், அதாவது சமய விதிப்படி சுத்தமான சாப்பாடு. இறைச்சிச் சட்டி வேறு, பால் சட்டி வேறு. அங்கிளின் குசினியிலோ ஒரே சட்டிதான், அதிலேதான் எல்லாமே. ஆகவே அக்கா பிள்ளைகளுடன் வருவார், இருப்பார், சிரிப்பார், தகப்பனைக் கொஞ்சுவார். சாப்பிடமாட்டார்.

“தேத்தண்ணிகூடக் குடிக்கிறேல்லை. என்ரை கோப்பையைக் கையாலை தொடுறாள், வாயிலை வைக்கிறேல்லை” என்று அங்கிள் ஒருமுறை சொன்னார். சொல்லும்போது முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் சொன்னதில் இதை மட்டும் நான் அம்மாவுக்குச் சொல்லவில்லை.

அந்தச் செப்டெம்பரில் அவர் பேஸ்மென்ற் படிகளில் பாதி துள்ளிப் பாதி விழுந்து இறங்கி வந்தார்.

“பிள்ளை, வருகினமாம்! சாப்பிட வருகினமாம்!”

விஷயம் இதுதான். சுக்கோட் என்றொரு பண்டிகை வருகிறது. முன்னோர்கள் பாலைவனத்தில் அலைந்த காலத்தை நினைத்து, வீட்டுக்கு வெளியே ஒரு குடில் போட்டு ஏழு நாளும் அதற்குள் இருந்து சாப்பிடவேண்டும். குடில் வெளியே இருக்கிறது. வெளியே என்றால் அங்கிளின் குசினிக்கு வெளியே. அக்கா தொலைபேசியில் யோசித்து யோசித்துச் சொல்லியிருக்கிறார்: குடில் விதிப்படி இருந்தால், சட்டி புதிதாக இருந்தால், கோழி கோஷர் கடையில் வாங்கியதாக இருந்தால், முதல்நாள் இரவு வந்து சாப்பிடுவோம்.

அங்கிள் அன்றைக்கே புதுச் சட்டி, புது அகப்பை, ஒற்றை மின்னடுப்பு எல்லாம் வாங்கிவிட்டார். பழைய குசினியின் காற்றுக்கூடப் படக்கூடாது என்று கராஜில் வைத்துச் சூப்புக் காய்ச்சிப் பழகினார். காருக்குப் பக்கத்தில் ஏப்ரனோடு நின்று கிண்டுவார். தெருவால் போகிறவர்கள் மணம் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்ப்பார்கள்.

மிச்சம் இருந்தது குடில். அதன் கூரை நிலத்தில் முளைத்த ஒன்றால் ஆகியிருக்க வேண்டும், நிழல் தரவேண்டும், ஆனால் மழை உள்ளே வரும்படியும் இருக்கவேண்டும். இதை நான் அம்மாவுக்குச் சொன்னபோது, “ஒழுகாத பந்தலுக்குத்தான் ஊரிலை ஆளைத் தேடித் திரியிறனாங்கள். இவை ஒழுகிற பந்தலுக்குச் சட்டம் வைச்சிருக்கினமோ?” என்றார்.

அந்தப் பந்தல் என்ற சொல்லில்தான் எல்லாம் தொடங்கியது. நானும் அங்கிளும் ஒரே நேரத்தில் ஜன்னலால் வெளியே பார்த்தோம். பின்வளவில் அம்மாவின் புடலம்பந்தல் நின்றது. நாலு தடித்த கால், மேலே மரச்சட்டங்கள், அதன்மேல் இலையும் பூவுமாக மூடிக் கிடந்தது கொடி. தமிழ்க் கடைகள் இருக்கிற வோபர்னில் மரக்கறி வாங்கப் போன இடத்தில் ஒரு அன்ரி மடித்துக் கொடுத்த விதைகளில் அது ஒன்றுதான் முளைத்தது. அந்த ஒன்றே பந்தல் முழுக்கப் படர்ந்துவிட்டது.

“கூரை தானாவே நிக்குது!” என்றார் அங்கிள்.

“நிலத்திலை முளைச்சது. நிழல் இருக்கு. மழையும் வரும்” என்றேன் நான்.

நூலகத்துக்கு ஓடினேன். புத்தகத்தை எடுத்தேன். கூரை நிலத்தில் வளர்ந்ததாக இருக்கவேண்டும் என்ற வரியைக் கண்டேன். அந்த மகிழ்ச்சியில் புத்தகத்தை மூடினேன்.

அம்மா மறுக்கவில்லை. “கீழை இருந்து சாப்பிடட்டும், அதுக்கென்ன. காயிலை தலை இடிச்சுப் போடாமல் இருந்தால் சரி.” ஒரே ஒரு காய்க்கு மட்டும் சிவப்புத் துணியில் ஒரு கீலம் கட்டிவிட்டார். அது விதைக்காய். அடுத்த வசந்தத்தில் நாங்கள் நகருக்கு வெளியே அஜக்ஸில் ஒரு வீடு எடுத்துப் போவதாக இருந்தது. புது வளவுக்குப் புடலை அந்தக் காயிலிருந்துதான் வரவேண்டும். “உதைத் தொட்டால் கையை முறிப்பன்” என்று எனக்குச் சொன்னார். அங்கிளுக்கு அதை நான், “தயவுசெய்து கவனமாக இருங்கள்” என்று மொழிபெயர்த்தேன்.

ஒரு கிழமை நானும் அங்கிளும் சுவர் அடித்தோம். கராஜில் கிடந்த பழைய அலுமாரிக் கதவுகள், ஒட்டுப்பலகை, ஆணி. அங்கிளுக்குத் தோள் சுகமில்லை. ஆகவே அவர் பிடித்தார், நான் அடித்தேன். பிடித்தபடியே பேசுவார். “எங்கட ஆக்கள் எல்லாரும் வீடு வாங்க ஓடித் திரியிறம். வாங்கின பிறகு வருசத்திலை ஒருக்கா அந்த வீட்டை விட்டு வெளியிலை போய் இருந்து சாப்பிடச் சொல்லுது வேதம். சரியான பகிடிதான். நேரை பிடி, நேரை பிடி!” பிடித்துக்கொண்டிருந்தது அவர்தான்.

பண்டிகை பொழுதுபடத் தொடங்கும். அன்று பின்னேரமே அக்காவும் கணவரும் இரண்டு பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். பிள்ளைகள் நேரே பந்தலுக்குக் கீழே ஓடி, தொங்குகிற நீளக் காய்களையும் நுனியில் ஆடுகிற கற்களையும் கண்டு கத்திய கத்து இன்னும் காதில் இருக்கிறது. அக்காவின் கணவர் நெட்டையானவர், தாடிக்காரர், மிக மரியாதையானவர். சுவரைத் தட்டிப் பார்த்தார். தலையாட்டினார். அடியால் அளந்து பார்த்தார். தலையாட்டினார். கராஜுக்குப் போய்ச் சட்டியையும் கோழி சுற்றி வந்த கடதாசியையும் பார்த்து மறுபடியும் தலையாட்டினார். ஒவ்வொரு ஆட்டலுக்கும் அங்கிள் ஓர் அங்குலம் வளர்ந்தார்.

பிறகு அவர் மேலே பார்த்தார்.

“இந்தக் கொடி எங்கை தொடங்குது?”

நான் பெருமையோடு குனிந்து காட்டினேன். “இஞ்சை! இதுதான் வேர். ஒரே வேர்!”

அவர் முகம் விழுந்துவிட்டது. அக்காவைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தார்.

“நிலத்திலை வளர்ந்திருக்கவேணும்தான்” என்றார் அக்கா மெதுவாக. “ஆனால் நிலத்திலை இருந்து வெட்டியிருக்கவேணும். உயிரோடை வேரிலை நிக்கிற கொடி கூரையாகாது.”

“புத்தகத்திலை அப்பிடி இல்லையே...”

“அடுத்த பக்கம் வாசிச்சனீரோ?”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “வெக்கப்படாதையும். பழைய சட்டத்திலை திராட்சைக்கொடி, சுரைக்கொடி எண்டு பேர் சொல்லியே எழுதிக் கிடக்கு. உமக்கு முந்தியும் ஆரோ உதே வேலை பார்த்திருக்கினம்.”

அங்கிளுக்குச் சிரிப்பு வரவில்லை. கராஜுக்குள் போய்ப் பூக்கன்று வெட்டுகிற பெரிய கத்தரிக்கோலுடன் வந்தார்.

“வெட்டினால் சரிதானே? வெட்டிறன்.”

“அப்பா, பொறுங்கோ. கொடி ஆற்றை?”

“வளவு என்ரை வளவு!”

“வளவு உங்கட. கொடி கீழ்வீட்டு அன்ரியின்ரை. களவெடுத்த கூரைக்குக் கீழையும் இருந்து சாப்பிட ஏலாது. கேக்கவேணும்.”

அம்மா இன்னும் வேலையால் வரவில்லை. சூரியன் பக்கத்து வீட்டுக் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. பொழுது பட்டால் பண்டிகை தொடங்கிவிடும், அதன்பிறகு வெட்டவும் கட்டவும் ஏலாது. அப்படியானால் அக்கா குடும்பம் தாங்கள் கொண்டுவந்த பெட்டிச் சாப்பாட்டோடு மேலே அறைக்குப் போகும். புதுச் சட்டிச் சூப்பு கராஜிலேயே கிடக்கும்.

அங்கிள் கதிரையில் இருந்தார், மடியில் கத்தரிக்கோல். “எனக்கு உவையின்ரை சட்டம் பாதி விளங்கிறேல்லை” என்றார் எனக்கு மட்டும் கேட்கும்படி. “மழை வரவேணுமாம், வேர் இருக்கக்கூடாதாம். ஆனால் கொடிக்காரியைக் கேள் எண்டும் அதுக்குள்ளை மேலை இருக்கிறவர் வைச்சிருக்கிறார் பார். அது எனக்குப் பிடிச்சிருக்கு. கேட்டால் தருவாவோ?”

நான் பஸ் தரிப்புக்கு ஓடினேன். பாதர்ஸ்ட் பஸ்ஸிலிருந்து அம்மா இறங்க முதலே தொடங்கிவிட்டேன். வேர், சட்டம், பொழுது, கூரை, எல்லாவற்றையும் ஒரே மூச்சில்.

“என்னது, வெட்டவோ?” அம்மா நடைபாதையில் நின்றுவிட்டார். “என்ரை கொடியையோ? விதைக்காய் பழுக்க இன்னும் நாள் கிடக்கு! பூத்துக் காய்ச்சு நிக்கிறதை ஆரும் வெட்டுவினமே? உனக்கு விசரோ? அந்த மனுசன் வேணுமெண்டால் என்ரை மேசையை எடுக்கட்டும், கதிரையை எடுக்கட்டும்...”

அப்போதுதான் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னேன்.

அம்மா பேச்சை நிறுத்தினார். “தேப்பன் வீட்டிலை பச்சைத்தண்ணியும் குடிக்கிறேல்லையோ?”

“இல்லை.”

“எவ்வளவு காலமா?”

“கலியாணம் கட்டின நாளிலை இருந்து.”

“இண்டைக்குச் சாப்பிடுவாவாமோ?”

“கூரை சரியெண்டால்.”

அம்மா கைப்பையை என்னிடம் தந்துவிட்டு நடக்கத் தொடங்கினார். நடந்தாரா, ஓடினாரா என்று நான் சொல்லமாட்டேன். நான் பின்னால் ஓடினேன். வளவுக்குள் வந்ததும் நேரே வேரடிக்குப் போய்க் குனிந்து, கையை நீட்டினார். அங்கிள் கத்தரிக்கோலைக் கொடுத்தார்.

அக்கா குறுக்கே வந்தார். “அன்ரி, மனமில்லாமல் தரக்கூடாது. முழு மனசோடையோ எண்டு கேட்டுச் சொல்லும்” என்றார் என்னிடம்.

கேட்டேன். அம்மா நிமிராமலே சொன்னார்: “மனத்தைப் பற்றிப் பேந்து கதைப்பம். எனக்கு வயிறு எரியுதுதான், இல்லையெண்டில்லை, ஆனால் பொழுது படப்போகுது, உந்தப் பெட்டையைத் தள்ளி நிக்கச் சொல்லு.”

“முழு மனசோடை எண்டு சொல்லுறா” என்றேன்.

அக்கா என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். “அவ சொன்னது நீளமாக் கிடந்தது. நீர் சொன்னது கட்டையாக் கிடக்கு.”

அம்மாவுக்கு விளங்கிவிட்டது. நிமிர்ந்து அக்காவின் முகத்தைப் பார்த்தார். தன்னுடைய சொந்த ஆங்கிலத்தில், “யெஸ். யூ ஈற். ஐ கட்” என்றார்.

வெட்டினார்.

அதோடு முடியவில்லை. அக்காவின் கணவர் தொண்டையைச் செருமினார். வெட்டினால் மட்டும் போதாதாம். அது கொடியாகப் படர்ந்தது, கூரையாக ஒருவரும் வைக்கவில்லை. ஆகவே இப்போது அதைத் தூக்கி, இது நிழலுக்காக என்று நினைத்து, மறுபடி வைக்கவேண்டும். முழுவதையும்.

ஆளுக்கொரு தும்புத்தடி, மண்வாரி, துடைப்பக்கட்டை எடுத்தோம். அக்காவின் கணவர் ஒரு மூலை, நான் ஒரு மூலை, அங்கிள் சுகமான தோளால் ஒரு மூலை. அம்மா நடுவில் நின்று, “மெல்ல! மெல்ல! இலை கிழியுது!” என்று எல்லாருக்கும் தமிழில் கட்டளையிட்டார், எல்லாரும் கேட்டார்கள். பிள்ளைகள் பொம்மை வாளால் குத்தித் தூக்கினார்கள். இந்தச் சத்தத்தில் அப்பா சாரத்தோடு எழும்பி வந்து வாசலில் நின்றார்.

“என்ன இஞ்சை, காவடியோ?”

“கதையாதேங்கோ, அந்த மூலையைத் தூக்குங்கோ!” என்றார் அம்மா. அப்பா தூக்கினார். ஏன் என்று அவருக்கு அடுத்தநாள்தான் தெரியும்.

கொடி ஒரு பெரிய பச்சைப் போர்வைபோல எழும்பி, மெல்லப் படிந்தது. இலை வாடினாலும் நிழல் குறையாமல் இருக்கட்டும் என்று வேலியோரத்துச் சீடர் மரத்தில் சில கிளைகளை வெட்டி மேலே பரப்பினோம். அக்காவின் கணவர் அண்ணாந்து பார்த்தார். நாங்கள் எல்லாரும் அவரைப் பார்த்தோம்.

தலையாட்டினார்.

சிவப்புத் துணி கட்டிய காய் தண்டோடு சேர்ந்து வெட்டுப்பட்டுத் தொங்கியது. அம்மா அதைத் தடவிக்கொண்டு நின்றார். அக்கா வந்து அதைப் பார்த்து, என்னிடம் காரணம் கேட்டு, ஒரு நூலை எடுத்துக் காயைத் தண்டோடு நடுச்சட்டத்தில் கட்டினார். “குடிலுக்கு அலங்காரமாத் தொங்கவிட்டதைப் பண்டிகை முடியும்வரை ஆரும் பறிக்கவும் கூடாது, கறி வைக்கவும் கூடாது. சொல்லும் அன்ரிக்கு. கல்லையும் கழட்டவேண்டாம், அதுவும் வடிவுதான்.”

சொன்னேன். அம்மா முதன்முறையாகச் சிரித்தார். “கோயிலுக்கு நேந்து விட்ட காய் மாதிரி. அது எங்களுக்கும் தெரியும். தொங்கினபடியே பழுத்தால் பழுக்கட்டும்.”

பிறகு அக்கா மெழுகுதிரி ஏற்றிக் கண்ணைக் கைகளால் மூடிக்கொண்டு முணுமுணுத்தார். பொழுது பட்டது. நாங்கள் பேஸ்மென்றுக்கு இறங்கப் போக, அங்கிள் விடவில்லை. வந்து இருங்கள் என்றார். வெறுங்கையோடு எப்படிப் போவது? எங்கள் குசினியும் கோஷர் இல்லை. அம்மா ஒரு சீப்பு வாழைப்பழத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தார். உரிக்காத பழத்துக்குச் சட்டம் ஒன்றும் இல்லை என்பதை அங்கிளின் பேரப்பிள்ளைகளைப் பார்த்து அவர் எப்போதோ கண்டுபிடித்திருந்தார்.

வைன் வந்தது, பாண் வந்தது, பாட்டு வந்தது. கடைசியில் சூப்பு. அங்கிள் அகப்பையை இரண்டு கையாலும் பிடித்து ஊற்றினார். அக்கா கோப்பையைத் தன் பக்கம் இழுத்தார். கரண்டியை விட்டார். வாயில் வைத்தார். மேசையில் ஒருவரும் கரண்டி எடுக்கவில்லை.

“அப்பா, உப்புக் காணாது” என்றார்.

அங்கிள் எங்களைப் பார்த்தார். முகம் முழுக்க ஒளி. “உப்புக் காணாதாம்!” என்று பரிசு விழுந்த ஆள்போலக் கத்தினார். “கேட்டனீங்களோ? என்ரை சூப்புக்கு உப்புக் காணாதாம்!”

அம்மாவுக்கு அதை நான் மொழிபெயர்க்கவில்லை. தேவைப்படவில்லை.

அடுத்தடுத்த நாட்களில் இலைகள் சுருண்டன. காய் மட்டும் பச்சை மாறி, மஞ்சளாகி, செம்மஞ்சளுக்கு வந்துகொண்டிருந்தது. அம்மா காலையில் வேலைக்குப் போக முதல் கீழே நின்று பார்ப்பார், தொடமாட்டார். அங்கிள் தனியாகவே குடிலுக்குள் இருந்து சாப்பிட்டார், ஒருநாள் தூறல் நேரத்தில் குடையோடு. மழை வந்தால் உள்ளே போகலாம் என்று சட்டத்தில் இருக்கிறதே என்றேன். இந்தமுறை நான் அடுத்த பக்கத்தையும் வாசித்திருந்தேன். “போகலாம் எண்டுதானே கிடக்கு” என்றார், “போ எண்டு இல்லையே.”

பண்டிகையின் நடுவில் ஒரு பின்னேரம் வளவுக் கதவு திறந்தது. அக்காவும் பிள்ளைகளும். ஒருவரும் கூப்பிட்டிருக்கவில்லை. அங்கிள் கராஜுக்குள் ஏப்ரனோடு நின்றார், அகப்பை கையிலேயே இருந்தது.

“காய் பழுத்ததோ எண்டு பார்க்கத்தான் வந்தனாங்கள்” என்றார் அக்கா.

காயைப் பார்த்தார்கள். அடிப்பக்கம் வெடிக்கத் தொடங்கி உள்ளே சிவப்புத் தெரிந்தது. பிள்ளைகள் கத்தினார்கள். பார்த்து முடிந்தது. அக்கா போகவில்லை. கதிரையை இழுத்து மேசையில் இருந்து, கைப்பையைத் திறந்து, ஒரு சின்ன உப்புப் போத்தலை எடுத்து முன்னால் வைத்தார்.